நடுவட்டத்து மரமும் விசில் டீச்சரும்

அந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போய் விளையாட்டு ஆசிரியை எங்கே என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். விசில் டீச்சர் எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளியிலிருந்து ஆறாம் வகுப்புப் பொடிசுகள் வரை கையை நீட்டிக் காட்டுவார்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் ஒரு பித்தளை விசில். பேச வாய் இருந்தும் பாதிப் பேச்சை அதிலேயே முடித்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பில் பால் பொங்கினாலும் விசில், கணவர் குறட்டை விட்டாலும் விசில். "ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் இவ. எது எப்ப ஊதும்னே தெரியல" என்று கணவர் அலுத்துக்கொள்வார்.

டீச்சரின் அப்பா கல் குவாரியில் லாரிக்குப் பாரம் ஏற்றியவர். மகள் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயங்களில் ஜெயித்து, அதைப் பிடித்துக்கொண்டே உடற்கல்விப் படிப்பில் சேர்ந்து, பட்டமும் வாங்கி, அரசு வேலைக்கும் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"என்ன வேலைம்மா அது?"

"பிள்ளைங்களை ஓட வைக்கிறதுப்பா."

"ஓடுறதுக்கா சம்பளம்? மேஸ்திரி வர்றப்பல்லாம் நானும் ஓடியிருக்கேன். ஒருத்தனும் குடுக்கலயே."

சொன்னாரே தவிர, அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டம் என்பதால் அதைக் கண்ணாடி போட்டு, யார் கையும் படாத உயரத்தில் மாட்டினார். யார் கண்ணுக்கும் எட்டாத உயரமாகவும் அது போய்விட்டது. வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, ஏதோ சாமி படம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

கணவர் போக்குவரத்துக் காவலர். ஊரின் பெரிய சந்திப்பில், நடுவில் ஒரு மேடை, மேடைக்கு மேலே ஒரு குடை, குடைக்குக் கீழே அவர். நல்ல பருத்த உடம்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீச்சர் ஒருநாள் காலை ஓட்டத்தில் அந்தச் சந்திப்பைக் குறுக்கே கடக்க, அவர் நிற்கச் சொல்லி விசிலடித்தார். டீச்சர் பழக்க தோஷத்தில் திருப்பி ஊதிவிட்டார். ஒரு பேருந்தும் இரண்டு லாரிகளும் அவர் விசிலை விட்டுவிட்டு டீச்சர் விசிலுக்கு நின்றன. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை கல்யாணத்தில் முடிந்தது. முடிந்தது என்று சொல்வது சரியில்லை, கல்யாணத்துக்குள் போய்த் தொடர்ந்தது.

பள்ளியில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் முக்கோணப் பொந்துதான் விளையாட்டு அறை. குனிந்து போய்க் குனிந்தே திரும்ப வேண்டும். உள்ளே காற்றுப் போன பந்துகள், ஒட்டடை அடிக்கிற வேலைக்கு மாறிவிட்ட ஈட்டி ஒன்று, அறிவியல் ஆய்வகத் துண்டுகள் காய்கிற தடை ஓட்டத் தட்டி ஒன்று. பின்பக்கம் மைதானம். மைதானத்துக்கு என்ன குறை என்றால் ஒரு குறையும் கிடையாது, அதிகப்படியாக ஒன்று இருந்தது. அதன் நட்டநடுவில், கால்பந்து நடுவட்டத்தின் மையப்புள்ளியில், ஒரு பெரிய மரம்.

அது தானாக முளைத்ததில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் சிறப்பு விருந்தினராக வந்தார். மரக்கன்று நடுவதற்கு மதில் ஓரமாகக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். அவர் போட்டிருந்தது புதுச் செருப்பு. மேடையிலிருந்து இறங்கிப் பாதி மைதானம் வந்ததும் குதிகாலைக் கடித்துவிட்டது. நின்றார். "இங்கயே வெச்சுடலாமே" என்றார். அன்றைக்கு இருந்த தலைமையாசிரியர், "இங்கதாங்கய்யா வைக்கணும், நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. மறுநாள் பிடுங்கி ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விடிந்ததும் அவர் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. ஐயா வருடா வருடம் வந்து கன்றைப் பார்ப்பார் என்று சொன்னார்கள். ஐயா ஒரு வருடமும் வரவில்லை. கன்று மட்டும் சொன்ன வாக்குத் தவறாமல் வளர்ந்தது. வெட்டலாமா என்று கேட்டால், மரத்துக்கான துறை மைதானம் கல்வித் துறையுடையது என்றது. கல்வித் துறை, மைதானம் எங்களுடையதுதான், ஆனால் மரம் மரத்துறையுடையது என்றது. இரண்டு துறையும் ஒன்றை ஒன்று மரியாதையாக வணங்கிக்கொண்டிருந்த காலத்தில் மரம் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்குப் பருத்துவிட்டது.

டீச்சர் வந்து பெண்கள் கால்பந்து அணி தொடங்கியபோது வேறு இடம் இல்லை. பிள்ளைகள் மரத்தைச் சுற்றியே ஆடக் கற்றார்கள். ஆறாம் வகுப்பில் சேருகிற பெண்ணுக்குக் கால்பந்து என்றாலே நடுவில் மரம் இருக்கிற ஒரு விளையாட்டு என்றுதான் தெரியும். எதிரி வந்தால் மரத்துக்குப் பின்னால் மறைவது, மரத்தைச் சுற்றித் தண்ணி காட்டுவது, பந்தை அடிமரத்தில் அடித்து அது திரும்புகிற இடத்தில் தானே போய் எடுத்துக்கொள்வது என்று ஒரு தனி வித்தையே வளர்ந்துவிட்டது. கேப்டன் பெண் ஒருத்தி, சுள்ளி மாதிரி இருப்பாள். அடிமரத்தில் புடைத்துக்கொண்டு ஒரு முண்டு உண்டு. அதில் சரியாக அடித்து வலது ஓரத்துக்குப் பந்தை அனுப்பிவிடுவாள். "மரத்துக்குக் குடுடி" என்று கத்துவார்கள். மரம் ஒருநாளும் சுயநலமாக ஆடியதில்லை.

வெளிப் பள்ளி அணிகள் இங்கே வந்தால் மண்ணைக் கவ்வித்தான் போகும். அண்ணாந்து பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்து நெற்றியை முட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு அணியின் பின்கள வீராங்கனை நிழலில் உட்கார்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

ஆனால் இதே பிள்ளைகள் வெளி மைதானத்துக்குப் போனால் கதை தலைகீழ். வெட்டவெளியைப் பார்த்ததும் கால் ஓடாது. நேராகப் பாய்ந்து வருகிறவள் நடுவட்டத்துக்குக் கிட்டே வந்ததும் இல்லாத மரத்தைச் சுற்றி வளைந்து போவாள். பந்து நேராகப் போகும், இவள் கோணலாகப் போவாள். கேப்டன் இல்லாத முண்டில் அடிப்பாள். பந்து எதிரணிக்குப் போய்ச் சேரும். இருவர் எதிரெதிராக வந்தால், நடுவில் மரம் இருக்கிற தைரியத்தில் வேகத்தைக் குறைக்காமல் வந்து மோதிக்கொள்வார்கள். பார்க்க வந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். "ஏன் டீச்சர், உங்க பிள்ளைங்களுக்கு ஏதாவது பேய் கீய் தெரியுதா?" என்று பக்கத்துப் பள்ளி டிரில் மாஸ்டர் கேட்டார். தலைக்குச் சாயம் பூசி, அது நெற்றியில் வழியாமல் இருக்கக் கைக்குட்டையும் கையுமாக அலைகிறவர் அவர். டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்படியே வருடங்கள் ஓடின. கோப்பை ஒன்றுகூட வரவில்லை. ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க டீச்சர். தண்ணி குடிங்க."

தலைமையாசிரியை தண்ணீர் கொடுத்தால் விஷயம் பெரிது என்று பள்ளிக்கே தெரியும். டீச்சர் குடிக்கவில்லை.

"கோப்பை கொண்டு வராத பள்ளியில விளையாட்டு ஆசிரியர் பதவி தேவையில்லன்னு மேலிடத்துல முடிவு பண்ணியிருக்காங்க. இந்த வருஷமும் வரலைன்னா உங்களை உபரின்னு எடுத்துடுவாங்க."

"உபரின்னா எங்க மேடம் போடுவாங்க?"

"கல்வி அலுவலகத்துக் கிடங்குலதான். பழைய வினாத்தாள் கட்டெல்லாம் இருக்குல்ல, அதை எலி கடிக்காம பாத்துக்கணும்."

போன வருடம் உபரியாகிப் போன ஓவிய ஆசிரியர் அங்கேதான் இருந்தார். அவரை ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தபோது, "ஒண்ணும் கஷ்டமில்ல டீச்சர், பழகிட்டா நல்ல ஜீவன்தான்" என்று எலிகளைப் பற்றிச் சொன்னது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. எலிகளுக்குப் பேர்கூட வைத்திருந்தார். ஓட்டத்தைத் தவிர வேறு ஒன்றையும் கற்காத உடம்பு இது. ஒரு கிடங்கில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் டீச்சர் அந்தத் தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

அந்த வருடம் அதிர்ஷ்டம் ஒரு கை கொடுத்தது. குலுக்கலில் இறுதிக்கு முந்தின எல்லாச் சுற்றும் இவர்கள் மைதானத்திலேயே விழுந்தன. மரமும் பிள்ளைகளும் சேர்ந்து வந்தவர்களை எல்லாம் ஊதித் தள்ளினார்கள். இறுதிப் போட்டிக்கு வந்தாகிவிட்டது. எதிரணி, சாயம் மாஸ்டரின் பள்ளி. ஆட்டம் நகராட்சி மைதானத்தில். அங்கே மரம் என்ன, ஒரு செடிகூடக் கிடையாது.

டீச்சர் சோறு தண்ணி இல்லாமல் யோசித்தார். கடைசியில் விடை சந்திப்பில் கிடைத்தது. மாலையில் வீடு திரும்பும்போது கணவரைப் பார்த்தார். நடுவில் அசையாமல் நிற்கிறார். பேருந்து சுற்றிப் போகிறது, சைக்கிள் சுற்றிப் போகிறது, ஒரு மாடுகூடச் சுற்றித்தான் போனது. டீச்சர் வண்டியை ஓரம் கட்டி, கணவரை மேலும் கீழும் அளந்து பார்த்தார். சுற்றளவு ஏறக்குறையச் சரியாக இருந்தது.

யோசனை இதுதான். முதலில் மரத்துக்குப் பதிலாக மனிதன். பிள்ளைகளுக்கு அது பழகினதும் மனிதனை மெல்ல எடுத்துவிடுவது. மிச்சம் வெட்டவெளி.

"எல்லா நாளும் ஊருக்காக நிக்கிறேன்" என்றார் கணவர். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்காகவும் நிக்கணுமா?"

"நிக்கிறதுல என்னங்க கஷ்டம்? உங்களுக்குப் பழக்கந்தானே."

"ஏன் டீச்சர், என்னைக் கட்டிக்கிட்டப்பவே மனசுல இதைத்தான் நினைச்சியா?"

வீட்டிலும் அவர் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் டீச்சரம்மா.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், ஞாயிறு மட்டும் பேருந்து நிற்காத ஒரு காலி மைதானம். நடுவில் அவரை நிறுத்தினார்கள். டீச்சர் ஓரத்தில் நின்று சொன்னார்: "கையைக் கொஞ்சம் விரிச்சு வெச்சுக்கங்க. கிளை மாதிரி."

"கிளை எதுக்கு? பந்து கீழதான வரும்?"

"பிள்ளைங்களுக்கு வித்தியாசம் தெரியக்கூடாதுங்க."

"சார், அசையாதீங்க" என்றாள் கேப்டன். "மரம் அசையாது."

"மரத்துக்கு மூக்கு அரிக்காதாம்மா?"

"அரிச்சாலும் சொறியாது சார்."

முதல் பந்து அவர் தொப்பையில் பட்டு, அழகாக வலது ஓரத்துக்குத் திரும்பியது. கேப்டன் நின்று பார்த்தாள். இன்னொரு முறை அடித்தாள். மறுபடியும் அதே ஓரம். "டீச்சர், மரத்தை விட சார் நல்லா திருப்புறார்" என்றாள். கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் அவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். அடுத்த பந்துக்குத் தொப்பையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்ததை டீச்சர் கவனித்தார்.

அந்த அணியில் தூண் என்று ஒருத்தி இருந்தாள். உயரமும் அகலமுமான பெண். பதினோராவது ஆள் கிடைக்காத வருடத்தில் அணிக்குள் வந்தவள். பின்களத்தில் நிறுத்தினால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள். "ஓடுடி, ஓடுடி" என்று கத்திக் கத்தியே டீச்சருக்குத் தொண்டை கட்டும். "நான் ஓடி எங்க டீச்சர் போகப்போறேன்? பந்துதான் இங்க வருதே" என்பாள். பயிற்சியில் கணவரும் அவளும் அசையாமல் நிற்பதைப் பார்த்து, "இதுல எது மரம்னு தெரியலையே" என்று மற்ற பிள்ளைகள் கிண்டல் பண்ணினார்கள்.

மனிதன் பழகிவிட்டான். இனி எடுக்க வேண்டியதுதான். டீச்சர் கணவரைத் திண்டில் உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஆடச் சொன்னார். பிள்ளைகள் இப்போது இல்லாத கணவரைச் சுற்றி ஓடினார்கள். ஒருத்தி கால் தவறி, அவர் நின்றிருந்த இடத்திலேயே விழுந்தாள். எழுந்து, வெறும் காற்றைப் பார்த்து, "சாரி சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணவர் பக்கத்தில் வந்து, "நான் இல்லாதப்பவும் மரியாதை குடுக்கிறாங்க பாரு. உன்னால அது முடியுதா?" என்றார். டீச்சர் கண்ணுக்குள் கிடங்கும் எலியும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இறுதிப் போட்டி வேலை நாளில் வந்தது. "வந்து கோட்டுக்கு வெளியில நில்லுங்க, உங்களைப் பார்த்தா பிள்ளைங்களுக்குத் தைரியமா இருக்கும்" என்று டீச்சர் சொல்லியிருந்ததால் கணவர் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, சீருடையோடு நேராக மைதானத்துக்கு வந்துவிட்டார். அவருக்குப் பதிலாகச் சந்திப்புக்குப் போக வேண்டிய காவலர் தவறுதலாக வேறு சந்திப்புக்குப் போய் நின்றுகொண்டார். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே பெரிய சந்திப்பில் நான்கு பக்கத்து வண்டிகளும் நடுவில் வந்து ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அந்த நெரிசலில் அகப்பட்ட ஒரு பேருந்துக்குள் இறுதிப் போட்டிக்கு நியமித்த நடுவர் உட்கார்ந்திருந்தார்.

நேரம் போனது. கூட்டம் முணுமுணுத்தது. போட்டிச் செயலாளர் ஒரு வேதியியல் ஆசிரியர், எதற்கும் சட்டென்று சூடாகிவிடுவார். "நடுவர் வர மாட்டார் போலிருக்கு. யார்கிட்டயாவது விசில் இருக்கா?" என்றார். இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று டீச்சருடையது. இன்னொன்று டீச்சரின் கணவருடையது.

"நீங்க அணி டீச்சர், உங்களை விட முடியாது. ஐயா, நீங்க இதுக்கு முன்னால நடுவரா இருந்திருக்கீங்களா?"

"காவலர் விளையாட்டு விழாவுல கயிறு இழுக்கிற போட்டிக்கு இருந்திருக்கேன்."

"போதும். ரெண்டுலயும் ரெண்டு அணிதானே."

சாயம் மாஸ்டர் கைக்குட்டையோடு பாய்ந்து வந்தார். "இது என்ன நியாயம் சார்? அவர் இந்தம்மா வீட்டுக்காரர்."

"சார்" என்றார் டீச்சர் பொறுமையாக. "கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் எனக்குச் சாதகமா ஒரு தீர்ப்புகூடச் சொன்னதில்ல. சந்தேகமா இருந்தா எங்க பக்கத்து வீட்டுல விசாரிச்சுக்கங்க."

"அது உண்மைதான்" என்றார் கணவர், நடுவர் குரலில்.

அவர் மைதானத்துக்குள் நடந்தார். வேறு எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்கப் பழகினபடி நட்டநடுவில் போய்க் காலை ஊன்றி நின்றார். கேப்டனின் முகம் பளிச்சென்று மாறியது. "டீச்சர்" என்று ஓடி வந்து காதில் சொன்னாள். "மரம் வந்துடுச்சு."

நடுவர் மேல் பந்து பட்டாலும் ஆட்டம் தொடரும் என்பது அந்த வட்டாரப் போட்டிகளில் பழைய வழக்கம். பட்டது. பட்டுக்கொண்டே இருந்தது. தொப்பையில் பட்டு வலது ஓரம், முதுகில் பட்டு இடது ஓரம். அவர் ஒரு அடி நகரவில்லை. அதற்கு மேல் அவர் பழக்க தோஷத்தில் இடது உள்ளங்கையை நீட்டும்போதெல்லாம் எதிரணிப் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். எல்லோரும் தினமும் சைக்கிளில் அந்தச் சந்திப்பைக் கடந்து பள்ளிக்கு வருகிறவர்கள். அந்தக் கையைப் பார்த்தால் கால் தானாகவே ஊன்றிவிடும். ஒருத்தி வளைவதற்கு முன்னால் கையை நீட்டிச் சைகைகூடக் காட்டினாள். டீச்சரின் பிள்ளைகளும் கைக்கு நின்றவர்கள்தான். ஆனால் மரத்தடியில் நின்று நின்று ஆடியவர்களுக்கு, நின்ற வேகத்தில் கிளம்பப் பயிற்சி இருந்தது.

இடைவேளையில் இரண்டுக்குப் பூஜ்யம். டீச்சர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெளி மைதானத்தில் மூச்சை நிம்மதியாக விட்டார். விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் மைதான வாசலில் ஒரு மனிதர் சட்டை தொப்பலாக நனைந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றார். உண்மையான நடுவர்.

"பெரிய சந்திப்புல எவன்யா டியூட்டி?" என்றார் அவர். "பஸ்ஸ விட்டு இறங்கி நடந்தே வர்றேன். நடக்கக்கூட வழியில்ல."

டீச்சரின் கணவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

இரண்டாம் பாதிக்கு உண்மையான நடுவர் இறங்கினார். ஒல்லியான மனிதர். பந்து போகிற இடமெல்லாம் ஓடினார். பிள்ளைகள் நிலைகுலைந்து போனார்கள். "மரம் ஓடுதுடி" என்று ஒருத்தி அலறினாள். கேப்டன் குறி பார்த்து அவர் மேல் அடித்தாள், அவர் லாவகமாக விலகிக்கொண்டார். இன்னொரு தரம் அடித்தாள், "ஏம்மா, என்மேல உனக்கு என்ன கோபம்?" என்றார். கொஞ்ச நேரத்துக்குள் சாயம் மாஸ்டர் அணி இரண்டு கோல் போட்டுவிட்டது. மாஸ்டர் சந்தோஷத்தில் கைக்குட்டையை உதறினார். சாயம் காதுவரைக்கும் இறங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

டீச்சர் கோட்டருகே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். ஆட்டம் முடியப்போகிறது. இனி விட்டால் கிடங்குதான். என்ன செய்யலாம் என்று மைதானத்தைப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்லிக் கொடுத்தபடி, அவர் கத்தியபடி, நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்களத்தில் ஒரே ஒருத்தி மட்டும் இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அவளையே பார்த்தார். வாயில் வந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கே கூசியது. அந்த வார்த்தைக்கு எதிராகத்தான் இத்தனை காலம் சம்பளம் வாங்கினார். ஆனாலும் சொன்னார்.

"ஏய் தூணே, நடுவட்டத்துல போய் நில்லு."

"நின்னு?"

"நின்னா போதும்."

"ஓட வேணாமா டீச்சர்?"

"வேணாம்."

தூண் நம்பவில்லை. கேப்டனிடம் போய், "டீச்சருக்கு உடம்பு ஏதும் சரியில்லையாடி?" என்று கேட்டாள். பிறகு அவளுக்கே உரிய நிதானத்தில் நடுவட்டத்துக்கு நடந்து, புள்ளியின் மேல் காலை ஊன்றி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளின் ஓட்டத்தில் ஒரு ஒழுங்கு வந்தது. வளைய வேண்டிய இடத்தில் வளைவதற்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது. எதிரணிப் பெண்கள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, இவள் எதற்காக நிற்கிறாள் என்று புரியாமல் நாலு பேர் காவல் நின்றார்கள். மற்ற இடமெல்லாம் காலியானது. கேப்டன் இடது பக்கத்திலிருந்து வந்து, முண்டு இருக்கிற உயரத்தைக் கணக்குப் பண்ணித் தன் பலம் மொத்தத்தையும் வைத்து அடித்தாள். பந்து தூணின் இடுப்பில் மொத்தென்று பட்டது. இந்த முறை வலது ஓரத்துக்குப் போகவில்லை. மேலே எழும்பி, காவல் நின்ற நாலு தலையையும் தாண்டி, கோல் காவலாளி எதையோ யோசித்துக்கொண்டிருந்த வலைக்குள் போய் விழுந்தது.

தூண் கண்ணைத் திறந்தாள். "யார்டி அடிச்சது? வலிக்குது" என்றாள்.

"நீதான்டி போட்ட."

"நான் என்ன பண்ணேன்?"

சாயம் மாஸ்டர் நடுவரிடம் ஓடினார். "சார், அந்தப் பொண்ணு ஆடவே இல்ல சார். சும்மா நின்னுச்சு."

நடுவர் கொஞ்சம் யோசித்தார். "நிக்கக்கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லையே" என்றார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆட்டத்தை முடித்துவைத்தார்.

மறுநாள் கல்வி அலுவலகம். டீச்சர், கேப்டன், தூண் மூவரும் கோப்பையோடு அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். வழியில் கிடங்குக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓவிய ஆசிரியர் யாரையோ செல்லமாக அதட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பாமல் வேகமாக நடந்து வந்திருந்தார்.

அதிகாரி கோப்பையைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். "கடைசி கோல் யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றாள் தூண்.

"எப்படிப் போட்ட?"

டீச்சருக்குத் திக்கென்றது. ஏதாவது நல்லதாகச் சொல்லு என்று கண்ணால் கெஞ்சினார். தூண் யார் கண்ணையும் படிக்கிற ஆள் இல்லை.

"நின்னேன் சார். பட்டுச்சு. போயிடுச்சு."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து அவளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நானும் இந்த நாற்காலிக்கு அப்படித்தான் வந்தேன்" என்றார். வாசலில் நின்ற பியூன் இருமலை அடக்கிக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்தார். "உங்க பதவி அங்கயே இருக்கட்டும் டீச்சர். போய்ப் பிள்ளைங்களைப் பாருங்க."

வெளியே வந்ததும் டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் பதறிப் போனார்கள். தண்ணீர் கேட்டு ஓடினது கேப்டன். தூண் பக்கத்திலேயே நின்று, வெயில் டீச்சர் மேல் படாமல் மறைத்துக்கொண்டாள். நல்ல அகலமான நிழல். அதில் உட்கார்ந்து டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை மைதானத்துக்குப் போனபோது டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்று ஒரு கூட்டமே வந்திருந்தது. இதுவரை கூப்பிட்டும் வராத பிள்ளைகள் எல்லாம் அணியில் சேர வந்திருந்தார்கள். ஆளுக்கொரு இடத்தில் இடுப்பில் கையை ஊன்றி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி பண்றீங்க?"

"பயிற்சி டீச்சர்."

டீச்சர் விசிலை ஊதினார். ஒருத்தியும் அசையவில்லை. இன்னும் நீளமாக ஊதினார். முன் வரிசையில் நின்ற ஒரு வாண்டு ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, "ஓடினா கோல் விழாது டீச்சர். தூண் அக்கா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்தார். துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்தார். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு, வேறு வழியில்லாமல், அந்த வாண்டைக் குறி வைத்துத் துரத்த ஆரம்பித்தார். அப்போதுதான் பிள்ளைகள் ஓடினார்கள்.